ஏழைப் பிரபுவின் கோட்டை

ஸ்லோவேனியாவின் தென்மேற்கில், போஸ்தோய்னா நகரத்துக்குப் பக்கத்தில், 123 மீட்டர் உயரச் செங்குத்துப் பாறையின் இடுப்பில் வெள்ளைச் சுவரோடு ஒரு கோட்டை ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பிரெட்யாமா என்பது அதன் பெயர். உலகின் மிகப் பெரிய குகைக் கோட்டை என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்திருக்கிறது. ஜாக்கி சான் நடித்து 1986இல் வந்த ‘ஆர்மர் ஆஃப் காட்’ படத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் முகப்பு நினைவிருக்கலாம். ஆனால் சினிமாவும் சுற்றுலா அட்டைகளும் காட்டுகிற அந்த வெள்ளை முகப்பு இடைக்காலத்தைச் சேர்ந்ததே கிடையாது. 1570 வாக்கில் குகையின் வாயை மறைத்துக் கட்டிய மாளிகை அது. 1274ஆம் ஆண்டு ஆவணத்தில் முதன்முதலாகப் பெயர் வருகிற பழைய கோட்டை அதற்குப் பின்னால், பாறையின் இருட்டுக்குள், கூரையில்லாத சுவர்களாக இடிந்து கிடக்கிறது. கூரை போனதால் அப்படி ஆகவில்லை. குகை மேலே இருந்ததால் முழுக் கூரை அதற்குத் தேவைப்படவே இல்லை. பார்க்க வருகிறவர்கள் முன்னால் இருக்கும் மாளிகையில் மயங்கிவிடுவது இயல்புதான். எனக்கோ பின்னால் கிடக்கும் இடிபாடுதான் வரலாறு சொல்வதாகப் படுகிறது. அது சொல்வது ஊரார் சொல்லும் கதைக்கு நேர் எதிரானது. குகைக்குள் கோட்டை கட்டியவர்கள் யாராலும் வெல்ல முடியாத வீரர்கள் அல்லர். பணமும் ஆளும் பற்றாமல் மலையிடம் கைமாற்று வாங்கிக் கட்டியவர்கள்.

முதலில் ஊரார் கதையைச் சொல்லிவிடுவோம், அது சுவையான கதை. பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெட்யாமாவின் பிரபு எராசெம். அவனுடைய நண்பன் ஆந்திரேயாஸ் பவும்கிர்ஷரை ஹாப்ஸ்பர்க் வம்சத்துப் பேரரசர் மூன்றாம் ஃபிரெடெரிக் கொன்றுவிட்டார். செத்த நண்பனை இழிவாகப் பேசிய பாப்பன்ஹைம் என்ற பேரரசின் தளபதியை எராசெம் வெட்டிச் சாய்த்துவிட்டு, தன் குகைக் கோட்டைக்கு ஓடிவந்து, ஹாப்ஸ்பர்க் நிலங்களைக் கொள்ளையடித்துக்கொண்டிருந்தான். அவனைப் பிடிக்கத் திரியெஸ்தே நகரின் ஆளுநர் ராவ்பர் படையோடு வந்து முற்றுகை போட்டார். மாதங்கள் ஓடின. பட்டினி கிடந்து சரணடைவான் என்று காத்திருந்த படைக்கு எராசெம் மேலிருந்து வறுத்த இறைச்சியும், அப்போதுதான் பறித்த செர்ரிப் பழங்களும் அனுப்பிவைத்தான். குகைக்குள் இருந்த இரகசிய வழியாக அவனுக்கு எல்லாம் வந்துகொண்டிருந்தது. கடைசியில் ஒரு வேலைக்காரன் காசுக்கு விலைபோனான். கோட்டையிலேயே சுவர் மெலிந்த இடம் கழிப்பறை; எராசெம் அங்கே போன நேரம் பார்த்து அவன் சைகை காட்ட, பீரங்கிக் குண்டு பாய்ந்தது. ஆண்டு 1484. வீரம், நட்பு, எள்ளல், துரோகம் என்று கதைக்கு வேண்டிய எல்லாச் சரக்கும் இதில் இருக்கிறது. ஒவ்வொரு கோடையிலும் கோட்டையடியில் எராசெம் பெயரால் குதிரைவீரர் போட்டி நடத்துகிறார்கள். கூட்டம் சேர்கிறது.

இந்தக் கதையை நமக்கு விரிவாகத் தந்தவர் யானெஸ் வல்வாசோர். அவர் பிரெட்யாமா அடங்கிய கார்னியோலா நாட்டின் பெருமைகளைப் பதினைந்து பாகங்களில் எழுதி, 1689இல் ஜெர்மன் மொழியில் அச்சிட்டார். சாமானியர் அல்லர், மறைந்து மறைந்து நிரம்பும் செர்க்னித்சா ஏரியை ஆராய்ந்ததற்காக இலண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. புத்தகம் போட்ட கடனில் சொந்தக் கோட்டையையே விற்றார் என்பது எழுதுகிறவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. ஆனால் எராசெம் செத்ததற்கும் வல்வாசோர் எழுதியதற்கும் நடுவில் இருநூறு ஆண்டுகள் இருக்கின்றன. செர்ரிப் பழமும் கழிப்பறையும் அந்த இடைவெளியில் வாய்வழியாக வந்து சேர்ந்தவை. கதையைக் கழித்துவிட்டுப் பார்த்தால் கையில் நிற்பவை வேறு மாதிரியானவை. பவும்கிர்ஷர் 1471இல் கிராட்ஸ் நகரில் தலை வெட்டப்பட்டது உண்மை. பேரரசர் பாதுகாப்பு உறுதி கொடுத்து வரவழைத்துத்தான் அதைச் செய்தார். 1477 முதல் ஃபிரெடெரிக்குக்கும் ஹங்கேரி அரசர் மத்தியாஸ் கொர்வினஸுக்கும் போர் நடந்தது உண்மை. எராசெம் ஹங்கேரியின் பக்கம் சாய்ந்தவன் என்று கதையே சொல்கிறது. ஆக, பிரெட்யாமா முற்றுகை ஒரு கொள்ளைக்காரப் பிரபுவைப் பிடிக்கும் போலீஸ் வேட்டையாக இருந்திருக்க முடியாது. பேரரசரும் ஹங்கேரி அரசரும் மோதிக்கொண்டிருந்த பெரும் போரில் ஒரு சின்ன மூலை அது. அந்த மூலையில் மாட்டிக்கொண்ட சின்னப் பிரபு எராசெம். அவனுடைய கோட்டையும் சின்னதுதான்.

கோட்டையின் கட்டுமானத்தைப் பார்த்தால் இது விளங்கும். இடைக்கால ஐரோப்பாவில் ஒரு கோட்டை கட்டுவதென்றால் நாற்புறமும் மதில், மூலைக்கு மூலை கோபுரம், கூரைக்கு மரம், கிணறு என்று செலவு இழுத்துக்கொண்டே போகும். கல் உடைக்கவும் தூக்கவும் பல ஆண்டுகளுக்கு ஆள் வேண்டும். கட்டி முடித்த பிறகு அத்தனை மதிலிலும் நின்று காவல் காக்க வேறு ஆள் வேண்டும். குகையில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. மூன்று பக்கச் சுவர் ஏற்கெனவே எழுந்து நிற்கும் மனை கிடைத்தவர், முன்சுவரை மட்டும் எழுப்பிக் கதவை வைத்து வீட்டை முடித்துக்கொள்வதைப் போன்றது இது. பாறையில் குழி தோண்டி உத்திரங்களைச் செருகினால் மாடிகள் தயார். மேலே பாறை துருத்திக்கொண்டு நிற்பதால் எதிரி உச்சியில் ஏறிக் கல்லை உருட்டினாலும் அது வெளியே போய் விழும். சுரங்கம் தோண்டி மதிலைச் சரிக்க முடியாது, அடியில் முழுவதும் பாறை. கூரையில்லாததால் மழைநீர் பிடிக்க வழியில்லை. அதற்குப் பதில் சுண்ணாம்புப் பாறையிலிருந்து சொட்டும் நீரைத் தொட்டியில் சேர்த்துக் குடித்தார்கள். காவலுக்கு ஒரே ஒரு முகப்பு. விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் போதும். இதையெல்லாம் ‘வெல்ல முடியாத அரண்’ என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். கணக்குப்பிள்ளை கண்ணோடு பார்த்தால் எல்லாமே மிச்சம் பிடித்த இடங்கள்.

மிச்சம் பிடித்ததற்கு விலையும் இருந்தது. ஒரே முகப்பு என்றால் வெளியே பாய்ந்து தாக்கவும் அதே வழிதான். எதிரி அந்த வாயை அடைத்துவிட்டால் உள்ளே இருப்பவர் பொறிக்குள் இருப்பவர். மதிலிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கும் கோபுரங்கள் இருந்தால்தான் சுவரடிக்கு வந்த எதிரியைப் பக்கவாட்டிலிருந்து அடிக்கலாம். குகை வாயில் அதற்கு இடமே கிடையாது. பெரிய படையை உள்ளே வைக்க முடியாது, மேய்ச்சலுக்கும் சந்தைக்கும் இடமில்லை, ஊர் அதைச் சுற்றி வளராது. குளிர், ஈரம், புகை பற்றிச் சொல்லவே வேண்டாம். குகையின் குளிர் கோடையிலும் மாறாது. சொட்டும் நீர் குடிக்க உதவுகிற அதே வேளையில் காரையையும் உத்திரத்தையும் எலும்பையும் அரித்துக்கொண்டிருக்கும். வசதியுள்ள எந்தப் பிரபுவும் ஆண்டு முழுக்க விரும்பிக் குடியிருக்கிற இடம் இல்லை.

பிரெட்யாமா ஒன்றை வைத்துக்கொண்டு இவ்வளவு பேசலாமா என்று கேட்கலாம். ஆல்ப்ஸ் மலைப் பகுதி நெடுக இதே வகைக் கோட்டைகள் இருக்கின்றன. சுவிட்சர்லாந்தின் கிராபுண்டன் மாநிலத்தில் பாறை இடுக்குகளில் சொருகியிருக்கும் குகைக் கோட்டைகள் பலவும் ஒரு பெரிய வீட்டைத் தாண்டாத அளவுதான். கட்டியவர்களும் உள்ளூர்ச் சிறு பிரபுக்கள். பவேரியாவில் டிரவுன் ஆற்றங்கரையின் ஸ்டைன் குகைக் கோட்டைக்கும் ஒரு கொள்ளைக்காரப் பிரபுவின் கதை ஒட்டிக்கொண்டிருக்கிறது, அங்கே கடத்தப்பட்ட பெண்ணும் உண்டு. பிரான்சின் தெற்கே ஆரியெஜ் பள்ளத்தாக்கின் கதை இன்னும் பாடம் நிறைந்தது. புவான் போன்ற இடங்களில் குகை வாயை மதிலால் அடைத்த அரண்கள் இருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நப்போலெயோன் பெய்ரா என்ற பாதிரியார் அந்தப் பள்ளத்தாக்குக் குகைகளைக் திருச்சபை வேட்டையாடிய கத்தார் சமயப் பிரிவினரின் கடைசிப் புகலிடங்களாக எழுதி, லொம்பிரீவ் குகையில் நூற்றுக்கணக்கானோர் உயிரோடு அடைக்கப்பட்டார்கள் என்று உருக்கமாகச் சொன்னார். ஜனங்கள் இன்றும் அதை நம்பி வருகிறார்கள். தொல்லியலாளர்கள் ஆராய்ந்தபோது கிடைத்ததோ ஃபுவா பிரபுக்களின் அரண்கள். பள்ளத்தாக்குச் சாலையைக் கண்காணிக்கிற, சுங்கத்துக்கும் ஆதிக்கத்துக்கும் உதவுகிற காவல்நிலைகள். தியாகிகளின் கல்லறை என்று பேர்வாங்கிய இடம் சாலைக் காவலாக முடிந்தது பலருக்கு ஏமாற்றம்தான். ஆனால் இடைக்காலத்தில் மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைச் சுங்கச்சாவடி சொல்கிற அளவுக்குத் தியாகக்கதை சொல்வதில்லை.

குகைக் கோட்டை ஏழைப் பிரபுவின் கோட்டை என்பதற்கு நல்ல மறுப்பு ஒன்று உண்டு: கோஃபெல். இத்தாலிக்காரர்கள் கொவொலோ என்பார்கள். டிரென்டோவிலிருந்து பாசானோவுக்கு இறங்கும் பிரென்டா ஆற்றுப் பள்ளத்தாக்கின் மிக ஒடுங்கிய இடத்தில், சாலைக்கு மேலே செங்குத்துப் பாறைக்குள் இருந்த அரண் அது. ஆட்களையும் சரக்கையும் கயிறு சுற்றும் உருளையால் மேலே இழுப்பார்கள் என்று பார்த்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அது ஹாப்ஸ்பர்க் கையில், வெனிஸ் குடியரசின் எல்லையோரக் காவலாக இருந்தது. ஐரோப்பாவின் மிகப் பெரிய அரச குடும்பம் வைத்துக்கொண்டிருந்த குகைக் கோட்டையை ஏழையின் கோட்டை என்று எப்படிச் சொல்வது? சொல்லலாம் என்றுதான் நினைக்கிறேன். பேரரசுக்குக் கோடிக்கணக்கில் வருமானம் இருந்தாலும் ஒரு பள்ளத்தாக்கு மூலைக்கு அது ஒதுக்குகிற பணம் கொஞ்சம்தான். கோஃபெலின் அருமையே ஒரு சிறு காவல்படையைக் கொண்டு ஒரு சாலையையும் அதில் போகும் வரிப்பணத்தையும் பிடித்துவைக்க முடிந்ததில் இருக்கிறது. பெரும்படை வராத வரைக்கும் அது அரண். 1796 செப்டம்பர் 7ஆம் தேதி நெப்போலியனின் படை பிரிமொலானோவில் ஆஸ்திரியரை அடித்துக்கொண்டு அந்தப் பள்ளத்தாக்கில் இறங்கியபோது, ஆஸ்திரியர் கொவொலோவில் நின்று பார்த்தார்கள். நிற்க முடியவில்லை. மறுநாள் பாசானோவே விழுந்துவிட்டது.

அப்படியானால் எராசெம் மாதக்கணக்கில் தாக்குப்பிடித்தது எப்படி? ஓராண்டும் ஒரு நாளும் என்றுகூடச் சொல்வார்கள். அந்த எண்ணை நான் அப்படியே நம்ப மாட்டேன். ‘ஓராண்டும் ஒரு நாளும்’ என்பது இடைக்கால ஐரோப்பியச் சட்டத்தில் அடிக்கடி வரும் கெடு, கதைசொல்லிகள் நீண்ட காலம் என்று காட்ட எடுத்துக்கொண்ட அளவுகோல். முற்றுகை நீண்டது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு முற்றுகை நீளுவது உள்ளே இருப்பவரின் பலத்தை மட்டும் காட்டாது. வெளியே இருப்பவருக்கு வேறு வேலை இருந்ததையும் காட்டும். ஃபிரெடெரிக் கஜானா காலியான பேரரசர் என்று அவர் காலத்திலேயே பேர்வாங்கியவர். மத்தியாஸ் கொர்வினஸ் அப்போது அவருடைய நாட்டுக்குள் புகுந்து நெருக்கிக்கொண்டிருந்தார். எராசெம் செத்த மறு ஆண்டு, 1485இல், வியன்னாவே ஹங்கேரியர் கைக்குப் போனது. தலைநகரைக் காக்க முடியாதவர் ஒரு குகை வாயிலில் எத்தனை படையை நிறுத்தியிருப்பார்?

செர்ரிப் பழத்தையும் இந்த இடத்தில் சோதித்துவிடலாம். அவை விபாவா பள்ளத்தாக்கிலிருந்து வந்தவை என்பது வழக்கு. நானோஸ் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அந்த வெதுவெதுப்பான பள்ளத்தாக்கில் பழம் சீக்கிரமே பழுக்கும், ஆகவே வழக்கில் உள்ளூர் அறிவு இருக்கிறது. கோட்டைக்கு அடியில் லோக்வா என்ற ஓடை பாறைக்குள் புகுந்து மறைந்துவிடுகிறது. அந்த நீர் மலைக்கு அடியிலேயே ஓடி விபாவா ஊற்றுகளில் வெளிவருகிறது என்பதை நீரில் சாயம் போன்றவற்றைக் கலந்து பார்த்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பிரெட்யாமாவுக்கு அடியிலுள்ள குகைத்தொகுதியின் நீளம் அளந்தவரை 13 கிலோமீட்டருக்கும் மேல். ஆனால் நீர் போகிற பாதையில் பழக்கூடையோடு மனிதன் வர முடியாது. எராசெம் பெயரால் இன்று காட்டப்படும் வழி வேறு; அது கோட்டையின் பின்புறமிருந்து பாறைக்குள் ஏறி, உச்சியில் உள்ள நிலத்துக்கு வெளியேறுகிறது. அந்த வழியாகத்தான் ரொட்டியும் இறைச்சியும் வந்திருக்கும். இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. பிரெட்யாமாவைக் காத்தது குகையின் சுவரோ உயரமோ இல்லை, பின்வாசல். பின்வாசல் இல்லாத குகைக் கோட்டை சில வாரங்களில் பட்டினியால் விழுந்திருக்கும். அந்தப் பின்வாசலும் அண்டை அயலார் தானியம் கொண்டுவந்து தரச் சம்மதிக்கிற வரைக்கும்தான் பயன்படும். எராசெமின் பலம் என்று ஏதாவது இருந்திருந்தால் அது உச்சியில் இருந்த கிராமத்து ஜனங்களிடம் இருந்திருக்கிறது. கதையில் அவர்களுக்கு ஒரு பெயர்கூடக் கிடைக்கவில்லை; துரோகியான வேலைக்காரனுக்குக் கிடைத்த இடத்தில் பாதியாவது கொடுத்திருக்கலாம்.

துரோகி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. கோட்டை விழுந்தால் காரணம் ஒரு வேலைக்காரன் என்று சொல்லிவிட்டால் மிச்சக் காரணங்கள் எல்லாம் விசாரணையிலிருந்து தப்பிவிடுகின்றன: பேரரசின் பாதுகாப்பு உறுதியை நம்பி வந்தவன் தலை இழந்தது, இரண்டு அரசுகளுக்கு நடுவில் சிறு பிரபுக்களுக்கு இடமில்லாமல் போனது, பீரங்கி என்ற செலவு மிகுந்த ஆயுதம் அரசாங்கங்களின் கைக்குள் மட்டும் வந்து சேர்ந்தது. வில்லுக்கும் ஏணிக்கும் எதிராகக் கட்டிய முன்சுவர் பீரங்கியின் முன் நிற்காது. அதற்கு யாரும் சைகை காட்ட வேண்டியதில்லை. இருந்தாலும் வாய்மொழிக் கதையை முழுப் பொய் என்று தள்ளுபவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. கழிப்பறையைப் பாருங்கள். பாறைக்குள் வடிகால் வெட்ட முடியாது. அதனால் குகைக் கோட்டையில் கழிப்பறை பாறையின் நிழலைவிட்டு வெளியே, முகப்பின் ஓரத்தில் துருத்திக்கொண்டுதான் இருக்கும், கனமான சுவரும் அங்கே வைக்க முடியாது. இந்தக் கட்டடச் சிக்கலைக் கதையைச் சொன்ன ஜனங்கள் அறிந்திருக்கிறார்கள். எராசெம் அங்கேதான் செத்தானோ இல்லையோ, மலை கொடுத்த பாதுகாப்பு எந்த இடத்தில் முடிகிறது என்பதைக் கதை சரியாகத் தொட்டுக் காட்டிவிட்டது.

பழைய கோட்டை முற்றுகையில் பாழான பின் கட்டியதை 1511ஆம் ஆண்டு நிலநடுக்கம் குலைத்தது. பிறகு வந்த கோபென்ஸ்ல் குடும்பம்தான் இன்று நாம் பார்க்கும் மாளிகையை எழுப்பியது. பணக்காரர்களும் அதே பாறையில்தானே கட்டினார்கள் என்று கேட்டால், எங்கே கட்டினார்கள் என்று பார்க்கச் சொல்வேன். குகைக்குள் போகவில்லை. குகையை முதுகுப்பக்கம் விட்டுவிட்டு, வெயில் படும் இடத்துக்கு வந்து, ஜன்னல் வைத்துக் கட்டினார்கள். துருக்கியரின் சூறையாடல் கார்னியோலாவில் இன்னும் ஓயாத காலம் அது, பின்னால் பாறை இருப்பது ஆறுதல்தான். ஆனால் அந்தக் குடும்பத்துக்குப் பிரெட்யாமா பிற்காலத்தில் கோடை வாசஸ்தலமாகவே பயன்பட்டது. அவர்களுடைய செல்வாக்கு வியன்னா அரசவையிலும் வெளிநாட்டுத் தூதரகங்களிலும் இருந்தது; மதிலை நம்பி வாழ வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. 1810இல் அந்தக் குடும்பத்தின் கடைசி ஆண் வாரிசு இறந்ததும் கோட்டை கொரோனினி குடும்பத்துக்கும், 1846இல் விண்டிஷ்கிரேட்ஸ் குடும்பத்துக்கும் கைமாறி, இரண்டாம் உலகப் போருக்குப் பின் யூகோஸ்லாவிய அரசின் அருங்காட்சியகமானது.

எராசெம் கதை இல்லாவிட்டால் கூட்டம் வராது, கூட்டம் வராவிட்டால் பராமரிப்புக்குக் காசு வராது என்று சொல்பவர்கள் உண்டு. வாதம் நியாயமானது; குதிரைவீரர் போட்டியை நிறுத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆனால் உண்மை வரலாற்றில் சுவை குறைவு என்று அவர்கள் முடிவுகட்டியிருப்பதைத்தான் ஏற்க முடியவில்லை. கோபென்ஸ்ல் குடும்பத்தில் லூட்விக் என்றொருவர் ஆஸ்திரியாவின் இராஜதந்திரி. 1797 அக்டோபர் 17ஆம் தேதி கம்போ ஃபோர்மியோ உடன்படிக்கையில் நெப்போலியனுக்கு எதிர்ப்பக்கம் ஆஸ்திரியா சார்பில் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர். அதன்படி வெனிஸ் குடியரசு வரைபடத்திலிருந்து அகன்றது, பிரென்டா பள்ளத்தாக்கு உட்பட அதன் நிலத்தில் பெரும்பகுதி ஆஸ்திரியாவுக்கு வந்தது, கோஃபெல் குகைக் கோட்டை காவல் காத்த எல்லையே இல்லாமல் போனது. முற்றுகையோ துரோகியோ இல்லாமல், பிரெட்யாமாவில் கோடை கழித்த குடும்பத்துக்காரர் ஒருவரின் பேனாவால், இன்னொரு குகைக் கோட்டைக்கு வேலை முடிந்தது.